கண்மாய்ப் பாதைக்கு எந்த வண்டி?

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் சாலையில் பிரிகிற எங்கள் தோப்புப் பாதை மொத்தம் நான்கு கிலோமீட்டர். முதல் ஒன்றரை கிலோமீட்டர் தார். அய்யனார் கோயில் மண்குதிரைகளோடு தார் முடிந்துவிடும். பிறகு தைலமரக் காட்டுக்குள் செம்பறாங்கல் சரளை, அடுத்தது கண்மாய்க் கரை ஏற்றம், கரையிலிருந்து கண்மாயின் உள்வாயில் இறங்கினால் கரம்பைக் களிமண், மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டினால் ஓடை மணல், அதற்கப்பால் தோப்பு. செட்டிநாட்டில் நிலபுலம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இவற்றில் பாதியாவது அவர் பாதையிலும் இருக்கும்.

கொட்டகையில் நிற்கிற 1994 மாடல் மாருதி 800-ஐ இந்தப் பாதைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டலாம் என்று என் அக்காள் மகன் போன சித்திரையில் ஆரம்பித்தான். சென்னையில் வேலை பார்க்கிறவன். கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான்: உயர்த்திய சின்னக் கார்கள், குமிழ் குமிழாகப் பல் வைத்த பட்டன் டயர்கள், வெட்டிய பம்பர்கள், கூரைமேல் விளக்கு வரிசை. “அம்மான், ஐயா ஓட்டிய வண்டி. சும்மா துருப்பிடித்து நிற்பதற்கு இப்படியாவது ஓடட்டுமே” என்றான். அப்பச்சி, அதாவது என் அப்பா, பெயரைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

மறுக்கவில்லை. ஆனால் காரைத் தொடுவதற்கு முன் பாதையை அளந்துவிடலாம் என்றேன். எங்கள் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற ஆயில் சேம்பருக்கும் தரைக்கும் நடுவே ஆறரை அங்குலம். ஒரு சாண்கூட இல்லை. அந்த உயரத்துக்கு ஒரு கருவேலங்குச்சி வெட்டிக்கொண்டு, இரண்டு பேரும் விடியற்காலையில் நடந்தோம். சந்தேகப்பட்ட மேட்டில் எல்லாம் பக்கத்துத் தடத்தில் குச்சியை நிறுத்திப் பார்த்தோம். பதினோரு இடத்தில் குச்சியைவிட மேடு உயரமாக இருந்தது. அதில் ஏழு இடம் சரளைப் பகுதியில், டிராக்டர் போய்ப் போய் விழுந்த தடங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் முதுகு. டிராக்டரின் தடம் அகலம். காரின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றது நடுமேட்டில் ஏறிக்கொள்ளும். வண்டி கோணிக்கொண்டு வயிற்றைத் தேய்க்கும். இந்தப் பதினோரு இடத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு யோசனையாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் அவன் காட்டிய படங்கள். அவற்றில் பாதி ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பழைய பீட்டிலின் முன்னும் பின்னும் வெட்டி உயர்த்தி, பாலைவனத்தில் ஓட்டுகிற ‘பாஹா பக்’ மோகம் 1960-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் கிளம்பியது. அதற்கு முன்பே, 1964-இல், புரூஸ் மேயர்ஸ் என்பவர் பீட்டிலின் உறுப்புகளை வைத்துக் கண்ணாடியிழை உடலோடு ‘மேயர்ஸ் மான்க்ஸ்’ என்ற மணல்மேட்டு வண்டியைக் கட்டினார். 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் ‘மெக்சிகன் 1000’ பந்தயத்தை வென்றதும் ஒரு மான்க்ஸ்தான். ஆனால் பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால், சுழல்வதும் பின்சக்கரம். எஞ்சின் எடை முழுதும் உந்துகிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ரேடியேட்டரும் இல்லை, காற்றே குளிர்விக்கும். காட்டுக்குப் போவதற்கு வேண்டிய இலக்கணம் அந்தக் காருக்குப் பிறவியிலேயே இருந்தது. நம் 800-க்கு எஞ்சின் முன்னால், இழுவையும் முன்னால். அதைப் பார்த்து இதைச் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதற்காக முன்சக்கர இழுவை மண்ணுக்கே ஆகாது என்றும் சொல்லமாட்டேன். பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் பழைய ரெனால்ட் 4 கார்களை ஓட்டிக்கொண்டு மொராக்கோ பாலைவனத்துக்கு ஆண்டுதோறும் போகிறார்கள். அதுவும் முன்சக்கர இழுவைதான். சிக்கினால் பலகை வைக்கிறார்கள், எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். வண்டி லேசாக இருந்தால் தள்ள முடியும். 800-இன் பெரிய பலமும் அதுதான். ஏறத்தாழ 650 கிலோ. நான்கு பேர் கைவைத்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம்.

ஆகவே முதல் யோசனை, 800-ஐ அளவோடு உயர்த்துவது. இதில் ஆசைக்கும் ஆக்சிலுக்கும் ஓயாத சண்டை. முன்னால் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் என்கிற இடைத்துண்டை வைத்தால் உடல் உயரும். சக்கரம் கீழே போகும். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் தண்டு சரிந்து நிற்கும். ஓர் அங்குலம் வரை தண்டின் முனையிலுள்ள ஜாயிண்ட் பொறுத்துக்கொள்ளும். ஒன்றரை அங்குலம் தாண்டினால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று பேசத் தொடங்கும். அதையும் தாண்டினால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, செம்மண் உள்ளே போய், ஒரு கோடைக்குள் ஜாயிண்ட் மாவாகிவிடும். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் மூன்று அங்குலம் உயர்த்தித் தருவதாகச் சொன்னார்கள். அங்கே உயர்த்தி நின்ற வண்டி ஒன்றின் அடியில் குனிந்து பார்த்தேன். இரண்டு பூட்டும் கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மீதி உயரத்தை டயரில் எடுக்கலாம். கம்பெனி அளவு 145/70 ஆர் 12. அதன் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். அதே ரிம்மில் ஆல்ட்டோவின் 145/80 ஆர் 12 உட்காரும், விட்டம் 537. வண்டி 14 மில்லிமீட்டர் உயரும், வேகமானி ஆறு சதவீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். பொறுத்துக்கொள்ளலாம். 13 அங்குல ரிம்மும் 155/80 டயரும் போட்டால் 35 மில்லிமீட்டர் கிடைக்கும்தான். ஆனால் மட்கார்டு உள்விளிம்பை வெட்ட வேண்டும். கியர் எல்லாம் 14 சதவீதம் உயர்ந்துபோகும். 796 சிசி எஞ்சின் இரண்டாம் கியரில் ஏறிய மேட்டை முதல் கியரில் முக்கி ஏறும், கிளட்ச் வாசனை வரும். பிரேக்கும் அதே அளவுக்கு மந்தமாகும். இந்தச் சின்ன எஞ்சினுக்குப் பெரிய டயர் பகை.

பட்டன் டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 அங்குலத்தில் நான் கேட்ட கடை எதிலும் அது இல்லை. இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். நம் பக்கத்தில் டயரைக் கொல்வது சேறு இல்லை, சீமைக்கருவேல முள். வெட்டிப் போட்ட கிளை காய்ந்து கிடக்கும். முள் அடிப்பக்கம் ஏறினால் பஞ்சர் ஒட்டலாம், பக்கச் சுவரில் ஏறினால் டயரே போயிற்று. பக்கச் சுவர் தடித்த டயர்தான் நமக்கு வேண்டும்.

மூன்றாவதாகச் சேம்பருக்குக் கீழே ஓர் இரும்புத் தட்டு. போல்ட்டில் கழலும்படி, எண்ணெய் மாற்றுவதற்கு ஓட்டை விட்டு, லேத்துப் பட்டறையில் செய்யச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் தட்டைத்தான் செய்வேன். உயரம் போதாத இடத்தில் தட்டு உரசிக்கொண்டு போகும். தட்டு இல்லாத இடத்தில் சேம்பர் உடைந்து எண்ணெய் மணலில் வடியும்.

இதற்கெல்லாம் முன்னால் வண்டியின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். 800-க்குத் தனி சேஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. எங்கள் வண்டியில் ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தினேன். பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கி மறுபக்கம் கொட்டகைத் தரை தெரிந்தது. இரும்பு அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி இருக்கிற ஊரில்தான் இந்தக் கதி! வெட்டி, புதுத் தகடு பற்றவைத்த பிறகுதான் மற்றப் பேச்சு. இதைப் பார்க்காமல் உயர்த்தினால் ஏழாவது மேட்டில் கதவு மூடாது.

சரி, ஸ்பேசரும் டயரும் தட்டும் போட்டால் என்ன கிடைக்கும்? ஆறரை அங்குலம் எட்டாகும். குச்சிக் கணக்கில் பதினோரு இடத்தில் ஆறு தீரும். கரை ஏற்றம் மட்டும் உயரத்தால் தீராது என்பதை மருமகன் பட்டுத் தெரிந்துகொண்டான். மூன்று முறை ஏற்றிப் பார்த்தான். மூன்று முறையும் பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் சரளையை வாரி இறைத்துவிட்டு நின்றன. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சரிந்து, இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிவிடுகிறது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முன்பு டாக்சி ஓட்டியவராம், வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “திருப்பிப் பின்பக்கமாக ஏற்றுங்கள் தம்பி.” திருப்பினான். ரிவர்ஸ் கியரில் ஒரே மூச்சில் கரைமேல் நின்றது. இழுக்கும் சக்கரம் இப்போது இறக்கத்தின் பக்கம், எடை அதன்மேல். செலவு ஒரு பைசா இல்லை. கழுத்து மட்டும் வலிக்கும்.

இரண்டாவது யோசனை, மருமகனின் கனவு: 800-இன் உடலைப் பழைய மாருதி ஜிப்சி ஜீப்பின் சேஸ் மேல் தூக்கி வைப்பது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. 800-இன் முன்பின் சக்கர இடைவெளி 2,175 மில்லிமீட்டர், ஜிப்சியுடையது 2,375. அந்த 200 மில்லிமீட்டருக்கு எதையாவது வெட்ட வேண்டும், சேஸை அல்லது உடலை. ஸ்டியரிங், பெடல், ரேடியேட்டர் எல்லாம் புது இடம் தேடும். இரண்டு ஓடுகிற வண்டியைக் கெடுத்து ஓடாத ஒன்றைச் செய்வதற்கு இது நல்ல வழி.

சட்டமும் இதற்கு இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாது என்றுவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் என் ஸ்பேசரும் இந்தக் கணக்கில்தான் வரும். அதனால்தான் போல்ட்டில் கழலாத எதையும் செய்யாதே என்றேன். உயர்த்திய வண்டி சொந்த நிலத்துக்குள் ஓடலாம், தார்ச் சாலைக்கு வந்தால் பழைய ஸ்பிரிங்கும் பழைய டயருமாகத்தான் வரவேண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான். இதில் வருகிற அலைச்சலைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் யாரும் இறங்க வேண்டாம். அய்யனார் குதிரைக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, நமக்கு உண்டு.

அந்தப் புத்தகத்துக்கே ஆகிற செலவு தனி. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000.

மூன்றாவது யோசனையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புதுவயல் அரிசி ஆலை வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாருதி ஆம்னி வேன் ஒன்றைப் பார்த்தபோது தோன்றியது. அதே 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். ஆனால் முன் இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கிறது, உந்துவது பின்சக்கரம், பின்னால் பட்டை ஸ்பிரிங். பாரம் சுமப்பதற்குச் செய்ததால் டயரும் லாரி ரகத் தடிப்பு. உயர்த்துவதற்கு முன்பக்க ஆக்சில் என்ற தலைவலியே இல்லை. பின்னால் ஒரு பட்டை கூட்டினால் போதும். காலியாக ஓட்டினால் பின்பக்கம் லேசாகி மணலில் சக்கரம் சுழலும். நான்கு மூட்டை தேங்காய் ஏற்றினால் ஜம்மென்று போகும். நமக்குத் திரும்பும்போது பாரம் இருக்கும், போகும்போது இருக்காது. போகும்போது இரண்டு மூட்டை மணலைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

ஆனால் கண்மாய்க் கரையின் பக்கச் சரிவில் ஆம்னியை ஓட்ட எனக்குத் துணிவில்லை. ஒடுக்கமும் உயரமுமான பெட்டி. அதை இன்னும் இரண்டு அங்குலம் தூக்கினால், ஒரு பக்கச் சக்கரம் டிராக்டர் தடத்தில் இறங்கும்போது சாய்வது வண்டியா வானமா என்று தெரியாது. காலுக்கு முன்னால் தகட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். சமதளத் தோப்பு, சரளைப் பாதை, தினமும் சுமை என்றால் ஆம்னியைத்தான் சொல்வேன். கரை ஏற வேண்டும் என்றால் வேண்டாம்.

பழைய பங்களா வீடுகளில் பத்மினி காரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ துணி போர்த்தி நிற்கும். பத்மினிக்குப் பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். சென்னையில் செய்த ஹெரால்டுக்குத் தனி சேஸே உண்டு. இயந்திரக் கணக்கில் இரண்டும் 800-ஐவிட இந்த வேலைக்குத் தோதானவை. ஆனாலும் கை வைக்காதீர்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண்ணில் பதிவு செய்ய 2021-இல் விதி வந்துவிட்டது. சேஸ், உடல், எஞ்சின் மாறாமல் இருப்பதுதான் அதன் நிபந்தனை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய மரக் கதவுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து பத்மினியின் மட்கார்டை வெட்டுங்கள் பார்க்கலாம்.

கடைசியாக ஜிப்சி. 1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்தது, 1996-இல் 1.3 லிட்டர் ‘கிங்’. ஏணி போன்ற தனி சேஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும், நான்கு சக்கர உந்துதல், அதற்கு மேல் ‘லோ’ கியர். இந்த லோ கியர்தான் விஷயம். வண்டி நடக்கிற வேகத்தில், கிளட்சைத் தேய்க்காமல், கரையை நேராக ஏறும். எங்கள் குச்சிக்கு அதன் வயிறு எட்டவே இல்லை, 210 மில்லிமீட்டர். நண்பர் ஒருவரின் ஜிப்சியை இரவல் வாங்கி அதே பாதையில் ஓட்டினோம். பதினோரு இடத்தில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. மருமகன் பேச்சே இல்லாமல் வந்தான்.

ஆனால் அதை வாங்கி வைத்துக்கொள்வது வேறு கதை. 2019-ஓடு பொதுமக்களுக்கான விற்பனை நின்றுவிட்டதால் நல்ல வண்டிக்கு விலை இறங்குவதே இல்லை. 800-க்கு ஸ்பேசர், டயர், தட்டு, தகடு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சுமாரான ஜிப்சி விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. பெட்ரோல் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிசயம். பின்னால் எதிரெதிர் பெஞ்சு. ஆச்சியை ஏற்றி ஒரு முறை கோயிலுக்குப் போனேன், “இது ராணுவத்துக்குச் செய்தது, எனக்கு இல்லை” என்று திரும்பி வரும்போது ஆட்டோ கேட்டார்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் காகிதத்தை மூன்று முறை படிக்க வேண்டும். சேஸின் பின்கோடியில், பட்டை தொங்கும் இடத்தில், துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்; நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். லோ கியரைப் போட்டு ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பணம் தாராளமாக இருப்பவர்கள் 2023-இல் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியை வாங்கிக்கொண்டு போகலாம். அவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

ஜிப்சியும் தோற்கிற இடம் ஒன்று உண்டு. கரம்பை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அதன்மேல் சைக்கிளே போகும். ஐப்பசியில் மழை விழுந்த மறுநாள் அதே மண் சோப்பு. டயரின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு நான்கு சக்கரத்தையும் வழவழப்பான உருளையாக்கிவிடும். நான்கும் சுழன்றால் நான்கும் புதையும். பட்டன் டயர், நான்கு சக்கரம், லோ கியர் எல்லாம் இருந்த வண்டியை மூன்று மாதத்துக்குப் பிறகு, தை பிறந்து உள்வாய் காய்ந்தபின் வெளியே இழுத்த கதை பக்கத்து ஊரில் உண்டு. தை முதல் புரட்டாசி வரை இந்தப் பாதைக்கு 800 போதும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு டிராக்டரைத் தவிர எதுவும் போதாது. ஜிப்சி வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது அந்த இரண்டுக்கும் நடுவே வரும் சில வாரங்கள், கரை ஏறும் சுகம், அப்புறம் பெருமை. பெருமைக்கும் விலை உண்டு, நான் குறை சொல்லவில்லை.

நாங்கள் செய்தது 800-இன் முதல் யோசனைதான்: ஓர் அங்குல ஸ்பேசர், ஆல்ட்டோ டயர், தட்டு. அதோடு யாரும் யோசனை என்று கணக்கில் சேர்க்காத ஒன்றையும் செய்தோம். வேலையாள் ஒருவரோடு மருமகன் இரண்டு காலை மண்வெட்டி பிடித்தான். நடுமுதுகைச் செதுக்கித் தடத்தில் தள்ளி, மேலே ஒரு டிராக்டர் சரளை கொட்டினோம். பதினோரு இடம் இரண்டாயிற்று. உள்ளங்கை கொப்புளத்தைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான்.

ஆடி, ஆவணி முழுதும் வண்டி போய் வந்தது. கரையில் மட்டும் பின்பக்கமாக. போன வாரம் மழையில் கலுங்கு பாய்ந்தது. “வண்டி போகிறதா அம்மான்?” என்று இரவு தொலைபேசியில் கேட்டான். கொட்டகையில் நிற்கிறது என்றேன். தோப்புக்கு நடந்து போய் வந்திருந்தேன். தேங்காய் டிராக்டரில் வந்தது.